இறங்காத கை

அன்று காலை ஹம்பேர்க்கில் நீட்டிய கை தெரியாத மூடுபனி. எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் வாசலைத் தாண்டிப் போய், பக்கத்து மருந்துக்கடைக் கதவில் என் வேலை அட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறக்கவில்லை என்று நல்ல தமிழில் அதை ஏசியும்விட்டேன்.

உள்ளே போய்க் கட்டுப்பாட்டறைக் கதிரையில் உட்கார்ந்தபோதும் தலைமுடியில் ஈரம் இருந்தது. என் வேலை பொத்தான் அழுத்துவது. கமராக்களும் பதிவு செய்த துண்டுகளும் சின்னச் சின்னத் திரைகளில் என் முன்னால் ஓடும். எது உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமோ அதை நான் தெரிந்து அனுப்புவேன். எனக்குப் பின்னால் அனெக்ரெட் இருப்பாள். காலைச் செய்திக்குப் பொறுப்பானவள். ஆள் சிறிது, குரல் ரயில் நிலைய ஒலிபெருக்கி.

செய்தி வாசிக்கும் தோமாஸ் காலநிலைக்கு வந்தார். "துறைமுகத்தில் அடர்ந்த மூடுபனி. எதிரில் வருபவரைக்கூடப் பார்க்க முடியாது" என்றார். நான் வழக்கம்போலத் துறைமுகக் கமராவின் பொத்தானை அழுத்தினேன். அது லாண்டுங்ஸ்புருக்கன் படகுத்துறைக்கு எதிரே ஒரு கூரையில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அதைத்தான் காட்டுவோம்.

திரையில் பனி இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடி போல ஆறு தெரிந்தது. அக்கரையில் பாரந்தூக்கிகளின் விளக்குகள். இக்கரையில் படகுத்துறை விளக்குக் கம்பம். அதன் கீழே மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் கமராவைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

"என்ன இது? எடு, எடு அதை!" என்று அனெக்ரெட் கத்தினாள். நான் படத்தை வெட்டித் தோமாஸின் முகத்துக்குப் போனேன். அந்த மனிதர் வாய் திறந்தபடி இருந்தார்.

பிறகு சிரிப்புத்தான். கமராக் கண்ணாடியில் பனி உறைந்துபோயிருந்தது. படம் கெட்டுப்போனால் இருட்டைக் காட்டாமல், ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும் ஒரு தெளிவான காலையைத் தானாகவே எடுத்துப் போடும் புது இயந்திரம் ஒன்றை இலையுதிர்காலத்தில் பொருத்தியிருந்தார்கள். அது தன் கடமையைச் செய்துவிட்டது. பனி என்று நாங்கள் வாசிக்க, பனியே இல்லை என்று அது காட்டியது. செய்திக்காரருக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய அவமானம் இது.

"அட, எங்கள் மஞ்சள் கோட்டுக்காரி!" என்றார் தோமாஸ். அவளை எங்கள் எல்லாருக்கும் தெரியும். வருடக்கணக்காகக் காலநிலை நேரத்தில் அந்த விளக்கின் கீழ் வந்து நின்று எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போவாள். எங்கள் ரசிகை என்று நினைத்திருந்தோம். அவளைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை என்பது அந்த நிமிடம்தான் எல்லாருக்கும் உறைத்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. வரவேற்பில் இருந்த பெண், "உன் மொழிக்காரர் என்று நினைக்கிறேன், அழுகிறார்" என்று சொல்லி இணைப்பைத் தந்தாள்.

"தமிழோ பிள்ளை?"

"ஓம், சொல்லுங்கோ."

"இப்ப டிவியில காட்டினியள். லைட்டுக்குக் கீழ, மஞ்சள் கோட்."

"ஓம்."

"அது என்ர மனிசி."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இத்தனை வருடமாக எங்களுக்குக் கை காட்டியவள் இவர் மனைவி, ஒரு தமிழ் மனுசியா! "அப்பிடியே அண்ணை! நாங்கள் கனகாலமா அவவைப் பாக்கிறனாங்கள். நாங்கள் சுகம் கேட்டனாங்கள் எண்டு சொல்லுங்கோ."



"நேற்றுத்தான் பிள்ளை அவவின்ர அந்தியேட்டி முடிஞ்சது."

அந்தியேட்டி என்றால் முப்பத்தோராம் நாள் காரியம். அதோடு ஆன்மா வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடும் என்பது நம்மவர் நம்பிக்கை. என் முதுகில் ஈரத் துணியைப் போட்டது போலக் குளிர்ந்தது.

"யன்னலுக்கால எட்டிப் பாத்தனான். முன்வீட்டுச் சுவரே தெரியேல்லை. அவ நிண்ட இடத்தில மட்டும் ஏன் பிள்ளை பனி இல்லை?"

பழைய படம், இயந்திரம் தானாகப் போட்டது, பிழை எங்களுடையது என்று எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. நாளைக்கும் அந்த நேரத்துக்குத்தானே? நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிலுவைக் குறி

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. என்னை ஒருமுறை பார்த்தால் பேய்க்கும் என்னில் நம்பிக்கை வராது. ஆனாலும் தொலைக்காட்சி நிலையம் என்பது கொஞ்சம் அமானுஷ்யமான இடம்தான்.

எங்களுடையது நாடு தழுவிய ஒரு பெரிய வலையமைப்பின் உள்ளூர்க் கிளை. நாள் முழுக்க அவர்களுடைய நிகழ்ச்சி போகும். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் எங்கள் கைக்கு வரும். அந்த நேரத்துக்குள் ஹம்பேர்க்கின் விபத்து, தேர்தல், வாத்துக்குஞ்சு மீட்பு எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். நான் இங்கே Ausbildung என்ற தொழிற்பயிற்சியை முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மூன்று மாலை தொடர்ந்து டிவியின் முன்னால் இருந்தார். நாலாம் நாள், "என்னடி, உன்ர முகத்தை ஒரு நாளும் காட்டுறாங்களில்லை. உண்மையா அங்கதான் போறியோ?" என்று கேட்டார்.

எங்கள் ஆவணக்கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருக்கும் ஒருவர் இறந்துவிட்டால், அவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவைக் குறி போடுவார்கள். இறந்தவரை உயிரோடு இருப்பவர் போல யாரும் தவறிப்போய்க் காட்டிவிடக் கூடாது. நகரசபைக்காரர், காற்பந்துக்காரர், பாட்டுக்காரர் எல்லாருக்கும் அந்தக் குறி கிடைக்கும். ஆனால் பின்னால் நடந்து போகிறவர்கள் இருக்கிறார்களே? பேருந்துக்கு ஓடுகிறவர், நாயோடு நிற்பவர், விளக்கின் கீழ் கை காட்டுகிறவர்? அவர்களுக்குப் பெயரும் இல்லை, குறியும் இல்லை. கிடங்கு முழுக்க அவர்கள் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அழைப்புக்குப் பிறகு கிடங்குப் பக்கம் தனியாகப் போகும்போதெல்லாம் நான் பாட்டுப் பாடிக்கொண்டுதான் போவேன்.

அம்மாவிடம் வேறொரு வழக்கம் இருந்தது. எங்கள் வீட்டுக் கலியாண வீடியோவைப் போட்டால், செத்துப்போன சித்தப்பா பந்தியில் வடை வைக்கும் இடம் வந்ததும் வேகமாக ஓட்டிவிடுவார். சித்தப்பா வடையோடு மேசை மேசையாகப் பறப்பார். நாங்கள் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டார்.

கையைக் கண்டால்தான் தேத்தண்ணி

சில நாள் கழித்து வேறொரு அழைப்பு வந்தது. வாணி என்ற பெண், தெற்கே கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து. அன்று தொலைபேசியில் பேசியவரின் ஒரே மகள். அவர் பெயர் சிவபாதம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, அந்தியேட்டி முடிய அப்பாவை என்னோட கூட்டிக்கொண்டு வாறதா இருந்தது. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. உங்கட படத்தைப் பாத்தாப் பிறகு பெட்டியை அவிட்டுப்போட்டார். சாப்பிடுறேல்லை. சீனி வருத்தக்காரன் அக்கா. மருந்துக் குளுசையும் போடுறேல்லை. டொக்டர் வந்தால் கதவு திறக்கிறாரில்லை. நான் கெஞ்சிப் பாத்திட்டன், பேசிப் பாத்திட்டன், ஏலாது. நீங்கள் காட்டினதாலதானே? நீங்களே போய் என்னெண்டாலும் செய்யுங்கோ!"

கோபம் வந்தது. பொத்தான் அழுத்தினது குற்றமா? ஆனால் அந்தப் பிள்ளையின் குரல் உடைந்து போயிருந்தது. வேலை முடிந்து மத்தியானம் எஸ்-பான் ரயிலில் ஏறி அவர் இருக்கும் ஹார்பூர்க் போனேன்.

நான் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வருகிறேன் என்றதும் கதவு உடனே திறந்தது. உயரமான மனிதர். சரக்குக் கிடங்கு வேலையில் ஒருகாலத்தில் நசுங்கிய காலோடு, கைத்தடி ஊன்றி நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது. என் தோளுக்குப் பின்னால், படிக்கட்டைப் பார்த்தார்.

"தனியவோ வந்தனீங்கள்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவேயில்லை.

வரவேற்பறையில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு கதிரை. பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி, மேலே ஆடை கட்டி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொரு காலையும் ஊற்றி வைத்துக் குடிக்காமல் விட்டவை.

அவரே கதை சொன்னார். அவர் மனைவி மலர் அக்காவுக்குத் துறைமுகத்தில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. ஒரு பனிக்காலம் உறைந்த நிலத்தில் வழுக்கி விழுந்து, தொலைபேசியும் செத்துப்போய், பொழுதுபடத்தான் வீடு வந்தாராம். அன்று முழுக்க இவர் செத்துப் பிழைத்தார். தானும் கால் ஏலாதவர், தேடிப்போக முடியாது. அதற்குப் பிறகு ஒருநாள் காலநிலையில் படகுத்துறை வருவதை மலர் அக்காவே கண்டுபிடித்தார்.

"'இஞ்சேருங்கோ, நான் போய்ச் சேந்தவுடன லைட்டுக்குக் கீழ நிண்டு கை காட்டுவன், பாத்திட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ' எண்டா. அண்டையில இருந்து அவவின்ர கையைக் கண்டால்தான் எனக்குத் தேத்தண்ணி. அதுக்குப் பிறகுதான் சாப்பாடு, குளுசை எல்லாம்."

எங்களுக்கில்லை. ஒருநாளும் எங்களுக்கில்லை. இவருக்குத்தான்.

"பிறகு ஒருநாள் வேலை முடிஞ்சு வரேக்க ரயிலுக்குள்ளயே போயிட்டா. நித்திரை எண்டு நினைச்சுப் பக்கத்தில இருந்த சனம் எழுப்பேல்லையாம்" என்றார். கண்ணில் தண்ணீர் இல்லை. "செத்தவ எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. எனக்கு விசர் இல்லை. கொள்ளி வைக்கேக்க நான்தான் முன்னுக்கு நிண்டனான். ஆனா அண்டைக்கு டிவியில கையைத் தூக்கினவ. தூக்கின கையை இறக்கேல்லை. அப்பிடியே நிக்கிறா. நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

திரையில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. அவர் அதன் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்ல, மஞ்சள் நிறத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அம்மா சொல்வார். அந்த அறையில் பட்டப்பகல் வெளிச்சம் இருந்தது.

அனெக்ரெட்டின் யோசனை

மறுநாள் அனெக்ரெட்டிடம் சொன்னேன். அவள் கண் கலங்கினாள். கலங்கிய கண்ணோடேயே, "இது என்ன அருமையான செய்தி! ஒரு கமராவோடு அவர் வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"போய்? தேத்தண்ணிக் கோப்பைகளைக் கிட்டத்தில் எடுப்பதா?" என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போதாதா எங்களுக்கு? நான் போட்ட சத்தத்தில் தோமாஸ் ஒப்பனை அறையிலிருந்து ஓடிவந்தார்.

அனெக்ரெட் வெட்கப்பட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மெதுவாக, "அப்படியென்றால் அந்தத் துண்டை இன்னொரு முறை போட்டுவிடுவோமா? தெளிவான ஒரு காலையில். யாருக்கும் தெரியாது. அவர் சாப்பிடுவார்" என்றாள்.

மனம் ஆடியது. ஒரு பொத்தான்தானே! ஒரு உயிர் பிழைக்கும். ஆனால் அடுத்த நாள்? அதற்கடுத்த நாள்? இறந்த பெண்ணை நாங்கள் ஒவ்வொரு காலையும் அந்தக் குளிரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அந்தத் துண்டின் இலையுதிர்காலத்து மஞ்சள் மரங்களோடு, வெயில் காலத்திலும். நினைக்கவே மேல் கூசியது.

"அவர் இங்கே வரட்டும்" என்றேன். "அந்தத் துண்டை அவருக்குக் காட்டுவோம். அவருக்கு மட்டும்."

மிச்சப் படம்

வாணி தகப்பனைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். மனைவியைப் பார்க்கலாம் என்றதும் அவர் மறுபேச்சில்லாமல் புறப்பட்டாராம். கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கலியாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

காலைச் செய்தி முடிந்து அறை காலியாக இருந்தது. என் கதிரையிலேயே அவரை உட்கார வைத்தேன். அனெக்ரெட் கதவோரத்தில் நின்றாள். துண்டை ஓடவிட்டேன்.

ஆறு. பாரந்தூக்கிகள். விளக்குக் கம்பம். மலர் அக்கா இடது பக்கத்திலிருந்து நடந்து வந்து, நின்று, நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்தினார். பெரிய திரையில் முகம்கூடத் தெரிந்தது. கொஞ்சம் சிரிப்பு இருந்தது. சிவபாதம் அண்ணை திரையை நோக்கிக் குனிந்தார்.

அந்த இடத்தில் என் விரல் தானாகவே பொத்தானைத் தேடிப் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று அனெக்ரெட் கத்தியதும் நான் வெட்டியது இந்த இடத்தில்தான். கை மேலே இருக்கும்போது. மிச்சத்தை அவர் பார்க்கவேயில்லை. இத்தனை நாளாக அவர் கண்ணுக்குள் அந்தக் கை மேலேயே நின்றிருக்கிறது.

விரலை இழுத்துக்கொண்டேன். படம் ஓடியது.

மலர் அக்கா கையை இறக்கினார். தோளிலிருந்து வழுகிய பையை மேலே தூக்கிவிட்டார். குளிருக்குக் கழுத்துப் பட்டியை இழுத்து மூடினார். திரும்பினார். வலப்பக்கம், அலுவலகக் கட்டடங்கள் இருக்கும் பக்கம், அவசரமில்லாமல் நடந்து போனார். திரையின் ஓரம் அவரை மறைத்தது. விளக்கின் கீழே வெறும் தரை கிடந்தது.

அந்த வெறும் தரையைச் சிவபாதம் அண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறையின் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"போயிட்டா" என்றார்.

"ஓம் அண்ணை."

"நல்லாத்தான் நடக்கிறா. வழுக்கேல்லை."

வாணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் பக்கம் திரும்பி, "என்னத்துக்கு அழுறாய்? எனக்குக் கை நடுங்குது, ஏதாவது குடிக்கத் தா" என்றார். ஜெர்மன்காரி போட்ட தேத்தண்ணி வெறும் சுடுதண்ணிதான். அனெக்ரெட் கொண்டுவந்ததை அவர் ஒரே மூச்சில் குடித்து, குளுசையையும் வாங்கிப் போட்டார். அனெக்ரெட் ஓடிப்போய் இன்னொரு கோப்பை கொண்டுவந்தாள்.

அன்று மாலையே அந்தத் துண்டை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டோம். இனிக் கமரா கெட்டால் வெறும் நீலத் திரைதான் வரும். வாணிக்கு ஒரு பிரதி தருகிறேன் என்றேன். தகப்பனிடம் கேட்டுவிட்டு, "வேண்டாமாம் அக்கா. பாத்தது போதுமாம்" என்றாள்.

திரும்பவும் பனி

அதற்குப் பிறகும் ஒரு மூடுபனிக் காலை வந்தது. இந்த முறை கமராவில் கோளாறில்லை. தோமாஸ் பனி என்று வாசித்தார். நான் பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம். விளக்குக் கம்பத்தின் ஒளி மட்டும் கரைந்துபோய்த் தெரிந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அந்த ஒளிக்குள் ஒரு உருவம் வந்து நின்றது. கையை உயர்த்தியது.

"துண்டை அழித்தோம்தானே?" என்று அனெக்ரெட் கேட்டாள். அவள் இரகசியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. பிறகு பனி கொஞ்சம் விலக, மற்றக் கையில் தடி தெரிந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட உயரமான மனிதர்.

"எடுத்துவிடு" என்றாள் அனெக்ரெட்.

நான் எடுக்கவில்லை. தோமாஸ் வாசிக்க வேண்டியதை வாசித்து முடித்துவிட்டு, தானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹம்பேர்க் முழுக்க அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை இறக்கித் திரும்பி நடக்கும்வரை என் விரலைப் பொத்தானுக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை.

செய்தி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வாணியின் தொலைபேசிக்கு அடித்தேன். கார்ல்ஸ்ரூஹே ரயிலில் இருந்தார்கள். அன்றுதான் தகப்பனை ஒரேயடியாகக் கூட்டிப் போகிறாள். "ஸ்டேஷனுக்கு நேர போகாமல் அந்த இடத்துக்குப் போகோணும் எண்டு ஒரே பிடிவாதம் அக்கா" என்று முறையிட்டுவிட்டு அவரிடம் கொடுத்தாள்.

"எங்களைப் பயப்படுத்திப் போட்டியளே அண்ணை! ஆருக்குக் கை காட்டினனீங்கள்? எங்களுக்கோ?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதும் அதுதான் முதல்முறை. "உங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை காட்டுறன்? அவ்வளவு தூரம் போறன், வெளிக்கிட்டுச் சுகமா வந்திட்டன் எண்டு சொல்ல வேண்டாமே."

"ஆருக்கு?"

"வீட்டில டிவியை ஓட விட்டிட்டுத்தான் வந்தனான்" என்றார்.